கலகக்காரப் பெண் ஓவியர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கலகக்காரக் கலைஞர்" என்றால் யார்? குடித்து, சிகரெட் பிடித்து, ஊர் வாயில் விழுந்தவர்களா?

அப்படியும் சிலர் இருந்தார்கள். ஆனால் அது இரண்டாம்பட்சம். ஓவியம், சிற்பம் என்று இறங்கிய பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யாரோடு வாழ்ந்தார், என்ன உடுத்தினார், எப்படிச் செத்தார் என்பதிலேயே பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். படத்தைப் பற்றி நாலு வரி இருந்தால் அதிகம். இவர்கள் மல்லுக்கு நின்ற விஷயங்களைப் பார்த்தால் ரொம்பச் சாதாரணமானவை: வகுப்பில் உட்கார ஓர் இடம், படத்தின் மூலையில் சொந்தக் கையெழுத்து, விற்ற பணம் தன் கைக்கு வருவது, கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்க ஓர் அறை. இவை கிடைக்காததால்தான் கலகம் செய்தார்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் சாயும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெண்களில் ஒரு மைக்கேலாஞ்சலோ ஏன் வரவில்லை?

1971ல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் கிட்டத்தட்ட இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். திறமைக்குப் பஞ்சமில்லை, பயிற்சிக்குத்தான் வழியில்லை என்பது அதன் சாரம்.

அன்றைய ஐரோப்பாவில் உயர்ந்த ஓவியம் என்றால் புராணக் காட்சி, பைபிள் காட்சி, போர்க்களம். இருபது முப்பது உடல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை வரைய வேண்டுமென்றால் ஆடையில்லாத மாடலை எதிரே நிறுத்திப் பல வருஷம் கை பழக வேண்டும். அந்த வகுப்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். அதனால் அவர்கள் பூ, பழம், உருவப்படம், நாய்க்குட்டி என்று 'சின்ன' வகைகளில் ஒதுங்கினார்கள். அப்புறம் 'பெண்களுக்குப் பூ வரையத்தான் வரும்' என்று அதையே குறையாகச் சொன்னார்கள்.

லண்டனின் கலைக்கழகமான ராயல் அகாடமி 1768ல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகள் கழித்து யோஹன் ஸோஃபனி அகாடமி உறுப்பினர்களை ஒரே படத்தில் கூட்டமாக வரைந்தார். இடம், மாடல் வகுப்பு. ஆண்கள் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்களும் எங்கே என்று தேடினால், பின்னால் சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக இருக்கிறார்கள். நிர்வாண மாடல் நிற்கும் அறையில் பெண்களை நேரில் காட்டினால் மரியாதைக் குறைவாம். அவர்களுக்குப் பிறகு முழு உறுப்பினராக ஒரு பெண் தேர்வானது 1936ல். அவர் லாரா நைட். மாணவியாக இருந்தபோது மாடல் வகுப்பு மறுக்கப்பட்ட இவர், 1913ல் ஒரு நிர்வாண மாடலைத் தானே வரைந்துகொண்டிருப்பதுபோல் ஒரு சுய உருவப்படம் வரைந்தார். கொச்சையாக இருக்கிறது என்று அப்போது ஒரு விமர்சகர் முகம் சுளித்தார்.

பாரிஸின் பெரிய கலைப் பள்ளியான எகோல் தே போஸார் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897ல். அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை: பிலடெல்ஃபியாவில் 1880களில் எடுத்த ஒரு புகைப்படத்தில், பெண்களின் சிற்ப வகுப்புக்கு மாடலாக ஒரு பசுமாடு நின்றுகொண்டிருக்கிறது.

பேன்ட் போட ஒரு பெண் போலீஸிடம் அனுமதி வாங்கினார் என்பது நிஜமா?

நிஜம். பெயர் ரோசா பொன்னர், பிரான்ஸ், 1822ல் பிறந்தவர். பாரிஸில் 1800ல் போட்ட ஒரு போலீஸ் உத்தரவின்படி, ஆணுடை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பொன்னர் பெயரில் 1857ல் கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது. காரணம், 'உடல்நலம்'. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு நாடகம், நடன விருந்து போன்ற பொது இடங்களுக்குப் போகக் கூடாது என்றும் அதில் நிபந்தனை.

அவருக்கு அந்த உடை எதற்கு? மிருகங்களை வரைவதற்காக அவர் கசாப்புக்கூடங்களிலும் குதிரைச் சந்தைகளிலும் மணிக்கணக்கில் நிற்பார். சேறும் ரத்தமும் கிடக்கிற இடத்தில், தரகர்களுக்கு நடுவே, தரையைப் பெருக்கும் பாவாடையோடு எப்படி நிற்பது? பாரிஸ் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு முறை என்று ஒன்றரை வருஷம் போய் வரைந்த குறிப்புகளிலிருந்து வந்ததுதான் 'குதிரைச் சந்தை' ஓவியம். சுமார் எட்டடி உயரம், பதினாறடிக்கு மேல் அகலம். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் தொப்பியோடு நம்மைப் பார்த்தபடி குதிரையில் வரும் உருவம் பொன்னரேதான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

1865ல் பிரான்ஸின் லெஜியன் ஆஃப் ஆனர் விருது பெற்ற முதல் பெண் கலைஞர் ஆனார். சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பெரிய மாளிகை வாங்கினார், சிங்கம் வளர்த்தார், நத்தாலி மிகாஸ் என்ற தோழியோடு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். ஆனால் புரட்சி பேசுகிறவர் இல்லை. பேன்ட் வேலைக்கான உடை, அவ்வளவுதான் என்பார்.

அந்த 1800 உத்தரவு செல்லாது என்று பிரான்ஸ் அரசு முறையாக அறிவித்தது 2013ல். அதற்கு முன் ஒரு நூற்றாண்டு வாக்கில் ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள்: கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று.

ஆர்ட்டெமிசியா பழிவாங்கத்தான் அந்தத் தலைவெட்டுப் படத்தை வரைந்தாரா?

இந்தக் கதை நன்றாக விற்கிறது. அதனாலேயே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி 1593ல் ரோமில் பிறந்தவர், அப்பாவும் ஓவியர். 1611ல் அப்பாவோடு வேலை பார்த்த ஓவியர் அகோஸ்டினோ டாஸ்ஸி அவரைப் பலாத்காரம் செய்தார். 1612ல் வழக்கு நடந்தது. சொல்வது உண்மையா என்று சோதிக்க, பாதிக்கப்பட்டவரின் விரல்களில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். வரைந்து பிழைக்கும் பெண்ணின் விரல்கள். அப்போது அவர் டாஸ்ஸியைப் பார்த்து, இதுதானா நீ எனக்குப் போடும் மோதிரம், இதுதானா உன் வாக்குறுதி என்று கேட்டது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. டாஸ்ஸி குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனையை ஒழுங்காக அனுபவிக்கவில்லை.

சரி, இப்போது படம். யூதித் என்ற பெண், தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தளபதி ஹோலோஃபெர்னஸின் கழுத்தை அறுக்கும் பழைய கதை. அந்தக் காலத்துப் புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவும் இதை வரைந்திருக்கிறார். அவருடைய யூதித் ஒரு மெல்லிய பெண். கையில் வாள் இருக்கிறது, முகத்தில் அருவருப்பு, கிழவியான பணிப்பெண் பையை வைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கிறாள். அந்தப் பிடியில் கோழிக் கழுத்துகூட அறுபடாது. ஆர்ட்டெமிசியாவின் படத்தில் பணிப்பெண்ணும் இளம்பெண், முழு எடையையும் போட்டு அவனை மெத்தையில் அமுக்குகிறாள். யூதித் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு கையால் தலைமயிரைப் பற்றி, மறு கையால் அறுக்கிறாள். ரத்தம் மேலே தெறிக்காமல் இருக்க உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்கிறாள். ஒரு மனிதனை அறுக்க எவ்வளவு பலம் வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று யோசித்து வரைந்த படம் இது.

கோபம் இருந்திருக்கலாம். ஆனால் வெறும் கோபம் இப்படி வரையாது. சம்பவத்துக்கு முந்தைய வருஷமே, 1610ல், 'சூசன்னாவும் முதியவர்களும்' படத்தில் இரண்டு கிழவர்களின் பார்வையிலிருந்து முறுக்கிக்கொண்டு விலகும் பெண்ணை அவர் வரைந்துவிட்டார். அப்புறம் நாற்பது வருஷம் ஃபிளாரன்ஸ், நேப்பிள்ஸ், லண்டன் என்று வேலை செய்தார். 1616ல் ஃபிளாரன்ஸ் கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பெண் அவர். 1649ல், விலை பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பெண்ணின் உள்ளத்தில் சீசரின் துணிவைக் காண்பீர்கள் என்கிறார். நாற்பது வருஷத் தொழிலை ஏழு மாத வழக்கோடு கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெண் வரைந்த படம் ஆண் பெயரில் விற்றதுண்டா?

ஏராளம். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யூடித் லெய்ஸ்டர் தன் பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். அவர் இறந்த பிறகு படங்கள் அதே காலத்துப் பிரபல ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் பெயருக்கு மாறிவிட்டன. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம், ஹால்ஸ் வரைந்தது என்று நம்பி வாங்கிய ஒரு படத்தில் அந்த நட்சத்திரத்தை 1893ல் ஓர் ஆய்வாளர் அடையாளம் கண்டார். அதோடுதான் லெய்ஸ்டருக்கு உயிர் வந்தது.

இன்னொன்று நம் காலத்துக்கு நெருக்கமானது. பெரிய பெரிய கண்களோடு சோகமாகப் பார்க்கும் குழந்தைகள் படம் 1960களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. வரைந்தது மார்கரெட் கீன், பேரும் புகழும் கணவர் வால்டர் கீனுக்கு. விவாகரத்துக்குப் பின் மார்கரெட் உண்மையைச் சொன்னார், விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 1986ல் ஹொனலூலு நீதிமன்றத்தில் இருவரையும் அங்கேயே வரைந்து காட்டச் சொன்னார்கள். வால்டர் தோள்பட்டை வலி என்றார். மார்கரெட் 53 நிமிடத்தில் வரைந்து முடித்தார். 40 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். மேல்முறையீட்டில் தொகை ரத்தானது, ஆனால் வால்டர் அவதூறு செய்தார் என்ற தீர்ப்பு நின்றது.

மாடலாக நின்றவர் ஓவியரானது உண்டா?

சுசான் வலடான். கூலி வேலை செய்த, கணவனில்லாத தாயின் மகள், 1865ல் பிறந்தவர். சர்க்கஸில் இருந்தபோது கீழே விழுந்து அடிபட்டதால் அதை விட்டுவிட்டு ஓவியர்களுக்கு மாடலாகப் போனார். ரென்வார், துலூஸ்-லோத்ரெக் படங்களில் இவரைப் பார்க்கலாம். எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. நிற்கிற நேரத்தில் எதிரே இருப்பவர் கையைக் கவனித்தே கற்றுக்கொண்டார். இவர் கோட்டோவியங்களைப் பார்த்துவிட்டு ஓவியர் டெகா காசு கொடுத்து வாங்கினார்.

1909ல் தன்னையும் தன்னைவிட 21 வயது இளைய காதலன் ஆந்த்ரே உத்தரையும் ஆதாம் ஏவாளாக, ஆடையில்லாமல் வரைந்தார். ஆணின் நிர்வாணத்தை ஒரு பெண் வரைவது அன்று கேள்விப்படாத ஒன்று. பிறகு அதைக் காட்சிக்கு வைக்க ஆதாமுக்கு மட்டும் இலைகள் முளைத்தன. ஏவாளுக்கு யாரும் இலை கேட்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1923ல் வரைந்த 'நீல அறை'. மெத்தையில் ஒரு கனத்த பெண், கோடுபோட்ட கால்சட்டை, வாயில் சிகரெட், காலடியில் இரண்டு புத்தகம். யாருக்காகவும் போஸ் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் மாடலாக நின்று அலுத்தவர் மட்டுமே வரையக்கூடிய படம்.

கமீல் க்ளோடெலுக்குப் பைத்தியம் பிடித்தது ரோடானால்தானா?

அப்படிச் சொல்லி ஒரே ஆளின் தலையில் போட்டுவிட முடியாது. பிரெஞ்சுச் சிற்பி க்ளோடெல், புகழ்பெற்ற சிற்பி ரோடானின் மாணவி, உதவியாளர், காதலி. பிரிந்த பிறகு வறுமை, தனிமை, எல்லாரும் தன் வேலையைத் திருடுகிறார்கள் என்ற அச்சம், தன் சிற்பங்களையே உடைத்துப் போடுவது எல்லாம் நடந்தது. நோய் இருந்தது உண்மை.

ஆனால் நிறுவனங்களும் கைவிட்டன. 'வால்ட்ஸ்' சிற்பத்தில் நடனமாடும் இருவரும் ஆடையின்றி இருப்பதைப் பார்த்த அரசு ஆய்வாளர் ஆட்சேபித்ததால் துணி சேர்க்க வேண்டியதாயிற்று. 'முதிர் பருவம்' சிற்பத்துக்கு அரசு கொடுத்த ஆர்டர் ரத்தானது. 1913 மார்ச்சில் ஆதரவாக இருந்த அப்பா இறந்தார். சில நாட்களிலேயே குடும்பம் அவரை மனநல விடுதியில் சேர்த்தது. பின்னாளில் வெளியே அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொல்லியும் தாய் ஒப்பவில்லை. 1943ல் இறக்கும்வரை முப்பது வருஷம் உள்ளேயே. தம்பி போல் க்ளோடெல் புகழ்பெற்ற கவிஞர், தூதர்.

கல்யாணம், குழந்தை, கலை மூன்றும் சேர்ந்து நடக்குமா?

நடத்தியவர்கள் உண்டு, விலை கொடுத்தவர்களும் உண்டு. ஜெர்மன் ஓவியர் பௌலா மோடர்சோன்-பெக்கர் 1906ல் கணவரை விட்டு பாரிஸ் போனார். ஆறாவது திருமண நாளன்று, இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல், கர்ப்பிணிபோல் வயிற்றில் கைவைத்த சுய உருவப்படம் வரைந்தார். அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. பிறகு கணவரோடு சேர்ந்தார். 1907 நவம்பரில் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரத்துக்குள், ரத்தக் கட்டியால் இறந்தார். வயது 31. எழுநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுப்போனார். உயிரோடு இருந்தபோது விற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஃப்ரீடா காலோ ஏன் எங்கே பார்த்தாலும் இருக்கிறார்?

முகம் சட்டென மனதில் நிற்கும், வாழ்க்கை சினிமாபோல் இருக்கும், அதனால் டீஷர்ட்டுக்கு வசதி. 1925ல் பஸ் விபத்தில் முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கியது, சுவரோவியர் டியேகோ ரிவேராவுடன் இரண்டு முறை கல்யாணம், 1953ல் மெக்சிகோ கண்காட்சிக்குக் கட்டிலோடு வந்து இறங்கியது எல்லாம் உண்மைதான்.

1933ல் டெட்ராய்ட் செய்தித்தாள் ஒன்று, மாபெரும் சுவரோவியரின் மனைவி பொழுதுபோக்காகப் படம் வரைகிறார் என்ற தொனியில் தலைப்புப் போட்டது. அந்தப் பேட்டியில் ரிவேராவைப் பற்றி ஃப்ரீடா, சின்னப் பையனுக்கு அவர் பரவாயில்லை, பெரிய கலைஞர் நான்தான் என்று கிண்டலாகச் சொன்னார். 2025 நவம்பரில் அவருடைய 'கனவு (படுக்கை)' 5.47 கோடி டாலருக்கு ஏலம்போய், பெண் கலைஞர் ஒருவரின் படத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய ஏலத் தொகை ஆனது. மலைத்துப் போக வேண்டாம்: லியனார்டோ பெயரில் 2017ல் விற்ற படம் 45 கோடி.

அம்ரிதா ஷெர்கிலை இந்த வரிசையில் வைக்கலாமா?

தாராளமாக. 1913ல் புடாபெஸ்டில் பிறந்தார், அம்மா ஹங்கேரியர், அப்பா சீக்கியர். எகோல் தே போஸாரில் படித்து, 'இளம் பெண்கள்' ஓவியத்துக்கு 1933ல் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கினார். அங்கேயே இருந்திருந்தால் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. கிளம்பி இந்தியா வந்தார். ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீஸுக்கும் சொந்தம், இந்தியா எனக்கு மட்டும்தான் என்று எழுதினார். திமிர்தான். ஆனால் 1937ல் அஜந்தாவையும் தென்னிந்தியாவையும் சுற்றிப் பார்த்துவிட்டு வரைந்த 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்' இரண்டையும் பார்த்தால் அந்தத் திமிருக்கு நியாயம் இருப்பது தெரியும். சிம்லா கலைச் சங்கம் கொடுத்த பரிசைத் திருப்பி அனுப்பினார். அவருடைய கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். 1941ல் லாகூரில், 28 வயதில் இறந்தார். 2023ல் 'கதைசொல்லி' 61.8 கோடி ரூபாய்க்கு விற்றது.

அரசியல் கலகம் செய்தவர்கள்?

க்ளோட் காயுனை அதிகம் பேர் அறியமாட்டார்கள். தலையை மழித்து, ஆணாக, பொம்மையாக, பலசாலியாக வேஷமிட்டுத் தன்னையே புகைப்படம் எடுத்த பிரெஞ்சுக் கலைஞர். 1940ல் நாஜிகள் பிடித்த ஜெர்சி தீவில் தோழி மார்செல் மூருடன் இருந்தார். இருவரும் ஜெர்மன் மொழியில், போரில் வெறுத்துப்போன 'பெயரில்லாச் சிப்பாய்' எழுதுவதுபோல் துண்டுக் காகிதங்கள் தயாரித்து, சிகரெட் பெட்டிகளுக்குள்ளும் சிப்பாய்களின் சட்டைப்பைக்குள்ளும் சொருகினார்கள். பெரிய சதிக்கூட்டம் என்று தேடிய ஜெர்மானியர்களிடம் 1944ல் மாட்டியது இரண்டு நடுவயதுப் பெண்கள். மரண தண்டனை விதித்தார்கள். அது நிறைவேறவில்லை, போர் முடிந்ததும் வெளியே வந்தார்கள்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்?

பலருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. இல்லாதவர்கள் மாடலாக நின்றார்கள், பாடம் நடத்தினார்கள். நிக்கி தெ செய்ன்ட் ஃபால் வழி தனி. 1961ல் சாந்துக்குள் சாயப் பைகளைப் புதைத்துத் துப்பாக்கியால் சுட்டுப் படம் செய்தவர். பிறகு இத்தாலியில் பிரம்மாண்டமான சிற்பத் தோட்டம் கட்ட, தன் பெயரில் சென்ட் தயாரித்து விற்று அந்தக் காசைப் போட்டார். கட்டும் காலத்தில் அங்கே ஒரு ராட்சதப் பெண் சிற்பத்தின் உள்ளேயே குடியிருந்தார்: ஒரு மார்பில் படுக்கையறை, இன்னொன்றில் சமையலறை.

வயதான பிறகு பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்களா?

கார்மன் ஹெரேரா தன் முதல் ஓவியத்தை விற்றபோது வயது 89. சிற்பி லூயி பூர்ஷ்வாவுக்கு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முழுக் கண்காட்சி வைத்தது 1982ல், அவருடைய 70ஆம் வயதில். முப்பதடி உயரச் சிலந்தியான 'மமான்' வந்தது அதற்கும் 17 வருஷம் கழித்து. ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளின்ட் 1906லேயே அரூப ஓவியம் வரையத் தொடங்கியவர், அதன் முன்னோடி என்று சொல்லப்படும் காண்டின்ஸ்கிக்கும் முன்னால். தான் இறந்து இருபது வருஷம் வரை அவற்றைக் காட்டக் கூடாது என்று சொல்லிவைத்தார். 1944ல் இறந்தார். 1970ல் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுக்க முன்வந்தும் வேண்டாம் என்றார்கள். 2018ல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

கொரில்லா முகமூடிப் பெண்கள் யார்?

1984ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் உலகச் சமகால ஓவியம் என்று ஒரு காட்சி வைத்தது. 160க்கும் மேற்பட்ட கலைஞர்களில் பெண்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தக் கடுப்பில் அடுத்த ஆண்டு உருவான குழு இது, பெயர் 'கெரில்லா கேர்ள்ஸ்'. கொரில்லா முகமூடி, இறந்துபோன பெண் கலைஞர்களின் பெயரே புனைபெயர். 1989ல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய் உட்கார்ந்து எண்ணினார்கள்: நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே, நிர்வாணப் படங்களில் பெண்கள் 85 சதவீதம். உள்ளே நுழையப் பெண்கள் நிர்வாணமாகத்தான் வர வேண்டுமா என்று போஸ்டர் அடித்து நியூயார்க் பஸ்களில் ஒட்டினார்கள். 2012ல் திரும்ப எண்ணியபோது நிர்வாணம் 76க்கு இறங்கியிருந்தது. கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் கீழே.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தை அப்புறம் வாங்குங்கள், முதலில் படம். 'குதிரைச் சந்தை' மெட்ரோபாலிட்டன் தளத்தில் இலவசம், தரவிறக்கிப் பெரிதாக்கிக் குதிரைகளின் பிடரியைப் பாருங்கள். லெய்ஸ்டரின் சுய உருவப்படம் வாஷிங்டன் நேஷனல் கேலரி தளத்தில் அதேபோல் கிடைக்கும். ஆர்ட்டெமிசியாவின் யூதித்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, நேப்பிள்ஸில் ஒன்று, ஃபிளாரன்ஸ் உஃபீசியில் ஒன்று. ரத்தம் தெறிக்கும் விதம் இரண்டிலும் வேறு, பிந்தையது உஃபீசியில் இருப்பது. பக்கத்தில் காரவாஜ்ஜோவையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.